இறங்கும் படிகளில்தான் காலுக்குச் சோதனை

தைப்பூசத் திருநாள் என்றதும் பத்துமலையின் 272 படிகளே நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1892 ஆம் ஆண்டு முதல் அத்திருத்தலத்தில் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. தொடக்கத்தில் மரப்படிகளாக இருந்தவை 1940 ஆம் ஆண்டில் சிமெண்டுப் படிகளாயின. 2006 ஆம் ஆண்டில் அப்படிகளின் அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரத் திருவுருவச் சிலையாக முருகப் பெருமான் எழுந்தருளினார். 2018 ஆம் ஆண்டில் படிகள் யாவும் வண்ணக்கோலம் பூண்டன. பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் அன்பர்களோ 513 படிகள் ஏறிப் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்கின்றனர்.

பால்குடமும் காவடியும் சுமந்து, 'வேல் வேல்' என்ற முழக்கத்துடன் படியேறும் காட்சியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் ஏறியவர் அனைவரும் இறங்கியும் ஆக வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. உடற்கூறு அறிந்தோர் கூறுவது யாதெனில், ஏறும் படிகள் நெஞ்சையும் மூச்சையும் சோதிக்கின்றன. காலின் தசையைச் சோதிப்பவை இறங்கும் படிகளே என்பதாகும். இவ்வுண்மையை அறியாமையால் வீண் மனத்துயர் கொள்ளும் குடும்பங்களும் உண்டு.

விரதத்தில் குறையா?

தைப்பூசத்துக்குப் பின் பல இல்லங்களில் காணக்கூடிய காட்சி ஒன்றைக் கண்முன் கொண்டு வருவோம். தொழிற்சாலையில் பணிபுரியும் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், தாயார் நோயிலிருந்து மீண்டமைக்கு நேர்த்திக்கடனாக முதன்முறை காவடி எடுக்கிறார். 48 நாள் புலால் மறுத்து, தரையில் படுத்து, முறையாக விரதம் காக்கிறார். ஆற்றங்கரையிலிருந்து காவடியோடு ஆடிவந்து, 272 படிகளையும் ஏறி, குகையில் காவடியை இறக்குகிறார். பிறகு, கழற்றிய காவடியின் பாகங்களை உறவினரோடு தாமும் தோளில் சுமந்து கீழே இறங்குகிறார். அன்று இரவு வீடு திரும்பும்வரை அவருக்கு ஒரு துன்பமும் இல்லை.

மறுநாள் காலை தொடைகள் இறுகிக் கிடக்கின்றன. அதற்கும் மறுநாளோ நாற்காலியில் அமரவும் எழவும் இயலவில்லை. மூன்றாம் மாடியிலுள்ள வீட்டிலிருந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்புறமாகவே படியிறங்கி வேலைக்குச் செல்கிறார்.

இதைக் கண்ட அத்தை, "அண்ணி, பிள்ளை விரதத்தில் எங்கோ குறை வைத்துவிட்டான். இல்லாவிட்டால் காவடி எடுத்தவனுக்கு இப்படிக் கால் பிடிக்குமா?" என்கிறார். தாயார் கண்கலங்கிப் பூசை அறையில் அபராதக் காணிக்கை முடிந்து வைக்கிறார். தம் நேர்மையின் மீதே பழி விழுந்தது கண்டு மனம் நொந்த இளைஞர், "இனி நான் காவடி எடுக்கப் போவதில்லை" என்கிறார்.

பொது மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் அவருடைய தமக்கை அன்று மாலை வீட்டுக்கு வருகிறார். தம்பியின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, முருகன் உன் மீது கோபம் கொள்ளவில்லை. உன் கால் ஏறிப் பழகியிருக்கிறது, இறங்கிப் பழகவில்லை. அவ்வளவுதான்" என்கிறார்.

தமக்கையார் ஒரே வாக்கியத்தில் சொன்னதை உடலியல் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர்.

ஏறுதலும் இறங்குதலும்

நம் உடலின் எலும்புகளை அசைக்கும் தசைகள் மூவகையாக வேலை செய்கின்றன. தசை சுருங்கிக்கொண்டே சுமையைத் தூக்குவது முதல் வகை. நீளம் மாறாமல் சுமையைத் தாங்கி நிற்பது இரண்டாவது. சுமையின் இழுப்புக்கு ஈடுகொடுத்தபடி, தானும் இழுத்துக்கொண்டே, மெல்ல மெல்ல நீண்டு கொடுப்பது மூன்றாவது. இம்மூன்றாவது வகையையே மருத்துவ உலகம் 'எக்சென்ட்ரிக்' இயக்கம் என்று அழைக்கிறது. தமிழில் இதனை 'நீள்விசை இயக்கம்' எனலாம்.

குடத்தைத் தரையிலிருந்து தூக்கும்போது மேற்கைத் தசை சுருங்குகிறது. அதே குடத்தைத் தண்ணீர் சிந்தாமல் மெதுவாகத் தரையில் இறக்கும்போது அத்தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. கையைச் சட்டென்று தளர்த்திவிட்டால் குடம் உடைந்து போகும் அன்றோ? மெல்ல இறக்குவதும் தசையின் உழைப்பே.

படியேறுவதையும் இறங்குவதையும் இவ்வாறே நோக்குக. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி, மடங்கிய முழங்காலை நிமிர்த்தி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது ஒரு கால் கீழ்ப்படியைத் தேடிச் செல்ல, மேற்படியில் ஊன்றிய கால் உடலின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு மெல்ல மடங்குகிறது. அவ்வேளையில் அதன் முன்தொடைத் தசை, மடங்கவிடாமல் இழுத்துக்கொண்டே நீள்கிறது. கீழ்ப்படியில் முன்பாதம் ஊன்றும் கணத்தில் கெண்டைக்கால் தசையும் அவ்வாறே தாங்குகிறது.

பத்துமலையின் 272 படிகளை இறங்குவோரின் ஒவ்வொரு காலும் 136 முறை இவ்வேலையைச் செய்கின்றது. தண்ணீர்மலையில் இது ஏறத்தாழ 256 முறையாகும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் தந்தைக்கும், இறக்கிய காவடியைச் சுமந்து வரும் தோழருக்கும் அச்சுமையும் கூடுதலாகச் சேர்கிறது. காவடியாட்டத்தில் குதித்துக் குதித்துக் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் இதே வகை உழைப்புத்தான். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலுக்கு நடப்போர் பெரும்பாலும் சமதரையிலேயே செல்கின்றனர். அங்கே பாதம் கொப்பளிக்கலாம், உடல் அயரலாம். எனினும் நீண்ட படியிறக்கத்தால் வரும் தொடை நோவுக்கு அங்கே இடம் குறைவு.

சரிவில் இறங்கும் தேர்

தேர்த்திருவிழாவில் வடம் பிடித்தோர்க்கு ஒன்று தெரியும். மேட்டில் தேரை இழுத்துச் செல்லும்போது மூச்சு முட்டும். எனினும் பலர் சேர்ந்து இழுப்பர். சரிவில் தேர் தானே ஓடத் தொடங்கும்போது, பின்வடம் பிடித்தோர் எதிர்த்து இழுத்துக்கொண்டே, தேரோடு சேர்ந்து முன்னோக்கி இழுபட்டுச் செல்வர். அவர்களுக்கு மூச்சு அவ்வளவாக வாங்குவதில்லை. ஆனால் கைகளில் வடம் அறுக்கும். பின்வடத்தில் ஆள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவர் கையிலும் விழும் பாரம் மிகும்.

நீள்விசை இயக்கத்தில் தசைக்குள் நிகழ்வதும் இதுவே. ஒரே சுமையைத் தூக்குவதற்கு வேண்டிய தசையிழைகளைவிடக் குறைந்த இழைகளைக் கொண்டே அச்சுமையை இறக்கிவிட உடலால் முடிகிறது. ஆதலால் உயிர்வளியின் செலவு குறைகிறது, மூச்சு வாங்குவதில்லை, களைப்பும் தெரிவதில்லை. ஆனால் வேலையில் இறங்கிய ஒவ்வோர் இழையும் பெரும் பாரத்தைத் தாங்குகிறது.

1952 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்னும் மூன்று அறிஞர்கள் இதனை அழகிய முறையில் மெய்ப்பித்தனர். இரண்டு மிதிவண்டிகளைப் பின்பக்கம் பின்பக்கமாக நிறுத்தி ஒரே சங்கிலியால் பிணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார்; மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைக் காலால் எதிர்த்துத் தடுப்பார். இருவர் காலிலும் விசை ஒன்றே. இருந்தும் மிதித்தவர் செலவிட்ட உயிர்வளியைவிட எதிர்த்துத் தடுத்தவர் செலவிட்டது மிகக் குறைவாக இருந்தது. சிற்றுருவம் கொண்ட பெண்மணி ஒருவர் எதிர்த்துத் தடுக்க, பெரிய உடல்வாகு கொண்ட ஆடவர் மிதித்துக் களைத்துப்போனதைக் கண்டோர் வியந்து மகிழ்ந்தனராம்.

படியிறங்கும்போது 'இது எளிது' என்று நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே. நெஞ்சுக்கு அது எளிதுதான். தசைக்கோ அதுவே கடினம்.

தசைக்குள் நிகழ்வது என்ன?

தசையிழை ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், இரயில் பெட்டிகளைக் கோத்தாற்போலப் பல்லாயிரம் சிறு கண்ணறைகள் வரிசையாக இணைந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு அளவே. இதனைச் சார்கோமியர் என்பர். இதற்குள் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் விரல்களைக் கோத்தாற்போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கின்றன. அவை நெருங்கினால் தசை சுருங்கும், விலகினால் நீளும். ஒரு பெட்டியையும் அடுத்த பெட்டியையும் இணைக்கும் எல்லைக்கோட்டுக்கு இசட் கோடு என்று பெயர்.

சங்கிலியை வலிந்து இழுத்தால் எல்லாக் கண்ணிகளும் ஒன்றுபோல் நீள்வதில்லை. வலுக்குறைந்த கண்ணியே முதலில் விட்டுக்கொடுக்கும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, வலுக்குறைந்த சார்கோமியர்கள் அளவுக்கு மீறி இழுபட்டு, உள்ளிழைகளின் பிடி விலகிப் போகின்றன என்னும் கருத்தை ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் மார்கன் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றளவும் பலராலும் எடுத்துப் பேசப்படும் விளக்கம் இது.

இந்நோவைப் பற்றிய ஆராய்ச்சி இதற்கும் மிக முந்தியது. அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் என்பார் 1902 ஆம் ஆண்டிலேயே, பழகாத உழைப்புக்குப் பின் பல மணி நேரம் கழித்து வரும் நோவு வேறு, வேலை செய்யும்போதே வரும் களைப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்னர் வருவதற்குத் தசைக்குள் நேரும் சிறு கிழிவே காரணமாதல் வேண்டும் என்றும் கருதினார்.

அவர் கருதியதைக் கண்ணால் காணும் வாய்ப்பு 1981 ஆம் ஆண்டில் கிட்டியது. அதற்கு உதவியதும் படிக்கட்டே என்பது நமக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஃப்ரீடன் என்பாரும் அவர்தம் குழுவினரும் சில ஆடவரை மீண்டும் மீண்டும் படிக்கட்டில் இறங்கச் செய்து, நோவு கண்டபின் அவர்களின் கெண்டைக்காலிலிருந்து ஊசியளவு தசையை எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினர். நேராக இருக்க வேண்டிய இசட் கோடுகள் ஆங்காங்கே நெளிந்தும் சிதறியும் காணப்பட்டன.

1983 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நியூஹம், ஜோன்ஸ், எட்வர்ட்ஸ் ஆகியோர் செய்த சோதனை இன்னும் எளியது. ஒரு பலகைமேல் ஏறி இறங்கச் செய்தனர். ஒரு கால் எப்போதும் உடலைத் தூக்க வேண்டும்; மற்றக் கால் எப்போதும் உடலை இறக்கிவிட வேண்டும். உடல் ஒன்றே, நேரம் ஒன்றே, சுமையும் ஒன்றே. நோவு வந்ததோ இறக்கிவிட்ட காலில் மட்டும்! விரதத்தில் குறை என்று சொல்வோர் இவ்விடத்தில் சற்றுச் சிந்தித்தல் நலம். ஒரே மனிதரின் ஒரு கால் நோக, மறுகால் நோகாதிருந்தது அந்தக் கால் செய்த வேலையின் தன்மையினாலேயே.

2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஸ்வீடனில் நடந்த ஆய்வுகள் மற்றொரு கருத்தையும் முன்வைத்தன. நெளிந்து காணப்படும் இடங்கள் யாவும் சேதமே என்று கொள்ள வேண்டியதில்லை; அவற்றுள் பல, தசை தன்னைத் திருத்திப் புதுப்பித்துக்கொள்ளும் பணியின் அடையாளங்களாகவும் இருக்கலாம் என்பதே அக்கருத்தாகும். கோயில் திருப்பணியில் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்து இடிபாடு என்று எண்ணிவிடலாகாது அன்றோ?

புளிப்பு அமிலத்தின் மீது வீண்பழி

'கால் வலிக்கிறதா? லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்று சொல்லும் வழக்கம் விளையாட்டுப் பயிற்சியாளரிடையேயும் உண்டு. இது பழைய எண்ணம். கடும் உழைப்பில் தோன்றும் அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. நோவோ மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சம் அடைகிறது. அன்றியும், 1983 ஆம் ஆண்டு ஆய்வொன்றில் சமதளத்தில் ஓடியவர்களுக்கு அமிலம் கூடியது, பின்னர் நோவு வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் கூடவில்லை, ஆனால் நோவு வந்தது. இதனால் அமிலத்தின் மீது சுமத்தப்பட்டது வீண்பழி என்பது தெளிவாயிற்று.

உண்மையில் நிகழ்வது வேறு. இழைகளில் நேர்ந்த சிறு பழுதைச் செப்பனிட உடல் அவ்விடத்துக்கு நீரையும் வெள்ளணுக்களையும் அனுப்புகிறது. தசை சற்றே வீங்குகிறது. அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் வலி நரம்புகளின் உணர்ச்சியைக் கூர்மையாக்குகின்றன. இதனால்தான் அசையாதிருக்கையில் வலி தெரிவதில்லை. தொட்டாலும் நீட்டினாலும் துடிக்கிறது.

இந்நோவு பொதுவாக 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் பெறும். ஐந்து அல்லது ஏழு நாளில் தானே மறையும். ஆயின் வலு குறைவது மட்டும் நோவுக்காகக் காத்திருப்பதில்லை. படியிறங்கி முடித்த அன்றே தொடையின் வலு குறைந்துவிடுகிறது. நோவு நீங்கிய பின்னும் முழு வலு திரும்பச் சில நாள் ஆகலாம். அன்றிரவே மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் திரும்புவோரும், மறுநாள் ஏணியேறும் தொழில் செய்வோரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒருமுறை பட்ட தசை மறப்பதில்லை

இவ்வளவும் கேட்டவர்கள் அஞ்ச வேண்டா. இயற்கை இதற்கு அரியதொரு மருந்தையும் வைத்துள்ளது. பழகாத இறக்கத்தில் ஒருமுறை நொந்த தசை, சில வாரங்கள் கழித்து அதே வேலையைச் செய்யும்போது முன்போல் நோவதில்லை. வலுக்குறைவும் வீக்கமும் சிறிதளவே நேர்கின்றன. இப்பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். கைத்தசையில் கடும் உழைப்புக்குப் பின் ஆறு மாதம் வரையிலும் ஓரளவு நீடித்ததை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இன்னும் வியப்பு யாதெனில், இப்பாதுகாப்பைப் பெற முதல்முறை கடுமையாக நொந்தாக வேண்டும் என்பதில்லை. சிறிதளவு பழக்கமே ஓரளவு காப்பை நல்கிவிடுகிறது.

தசை தன் இழைகளில் புதிய சார்கோமியர்களைச் சேர்த்துக்கொள்வதும், இழைகளைச் சுற்றியுள்ள உறை வலுப்பெறுவதும், நரம்புகள் பாரத்தைப் பல இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கக் கற்றுக்கொள்வதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அந்நாளில் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர் மேட்டிலும் சரிவிலும் நாள்தோறும் வாளியோடு ஏறி இறங்கினர். அவர்தம் கால்களுக்கு மலைக்கோயிலின் படியிறக்கம் புதிதாக இருந்திராது. இன்று மின்தூக்கியில் ஏறி, காரில் அமர்ந்து, அலுவலக நாற்காலியில் நாளைக் கழிக்கும் பிள்ளைகளுக்கு அதே படியிறக்கம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிர்ச்சியாக அமைகிறது. பக்தியில் தலைமுறைக்குத் தலைமுறை குறை வந்துவிட்டது என்று வருந்துவோர், நடையில் வந்த குறையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விரத நாள்களிலேயே காலுக்கும் பயிற்சி

மனத்தையும் நாவையும் பக்குவப்படுத்த 48 நாள் ஒதுக்கும் அன்பர்கள், அந்நாள்களிலேயே காலையும் பக்குவப்படுத்தலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை. அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டே போதும்.

முதல் வாரத்தில், மின்தூக்கியில் மூன்று மாடி சென்று, கைப்பிடி அருகிலேயே, மெதுவாகப் படியிறங்கி வருக. வாரத்துக்கு இருமுறை போதும். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் ஓய்வு விடுக. நோவு தணிந்தபின், வாரந்தோறும் ஒன்றிரண்டு மாடிகளைச் சேர்த்துக்கொள்க. சுமை தூக்க இருப்பவர்கள் கடைசி வாரங்களில் சிறு சுமையோடு பழகலாம். திருநாளுக்கு முந்திய ஒரு வாரம் கடும் பயிற்சியை நிறுத்திவிடுதல் வேண்டும். ஏறும் பயிற்சியும் நன்றே. அது நெஞ்சுக்கு வலுவூட்டும். எனினும் ஏறிப் பழகியதனால் மட்டும் இறங்கும் தசை பழகிவிடாது என்பதை மறத்தலாகாது.

இது இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. 2017 ஆம் ஆண்டில் வெளியான தைவான் நாட்டு ஆய்வொன்றில், உடற்பருமன் கொண்ட முதிய பெண்டிர் 30 பேர் இரு பிரிவாகி 12 வாரம், வாரத்துக்கு இருமுறை பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் படியேறி மின்தூக்கியில் இறங்கினர். மறு பிரிவினர் மின்தூக்கியில் ஏறிப் படியிறங்கினர். இறங்கிய பிரிவினர்க்கே தொடை வலு, எலும்பின் உறுதி, இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவற்றில் கூடுதல் நன்மை கிட்டியது. மூச்சு வாங்காமல் வலுப்பெறும் வழி முதியோர்க்கு ஒரு வரமே. ஆயினும் முழங்கால் தேய்வு, தலைச்சுற்றல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குதல் வேண்டும்.

நோவு வந்தபின் செய்யத்தக்கவை

பயிற்சி இன்றிப் படியிறங்கிக் கால் நொந்தவர்கள் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. சமதரையில் மெல்ல நடத்தல் வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். எண்ணெய் தடவி இதமாக உருவிவிடுவதாலும் சிறிது பயன் உண்டு. 'நரம்பை எடுக்கிறேன்' என்று அழுத்திப் பிசைதல் கூடாது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சியால் இந்நோவு குறைவது மிகச் சிறிதே என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவை தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள உதவும். போதிய நீர் பருகுதல் இன்றியமையாதது. உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருக்கும் உடலுக்கு வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குதல் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் கூறியாக வேண்டும். பழகாத கடும் உழைப்பு, வெயில், நீர்ப்பற்றாக்குறை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது, அரிதாகச் சிலருக்குத் தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதன் சாயப்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் கட்டங்கோப்பி நிறமாகப் போதல், சிறுநீர் மிகக் குறைதல், தொடை கல்லைப்போல் வீங்குதல், தாங்கவொண்ணா வலி, குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் திருநீறு பூசிக்கொண்டு அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'விரதக் குறை, தானே சரியாகும்' என்று வீட்டில் வைத்திருத்தல் உயிருக்கே கேடாய் முடியலாம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உடையவர்களும் காவடிக்கு முன்பே மருத்துவரிடம் கலந்து பேசுதல் நன்று. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டாலோ, ஒரு வாரம் கடந்தும் நோவு தணியாவிட்டாலோ, அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே.

இறங்குவோர்க்கு வழிவிடுவோம்

தைப்பூச நாளில் படிக்கட்டின் கூட்டம் எவ்வளவு என்பதை எல்லாரும் அறிவோம். ஏறுவோர்க்கு ஊக்கமூட்ட முழக்கம் உண்டு, உறுமி மேளம் உண்டு, தாங்கிப் பிடிக்க உறவினர் உண்டு. காவடியை இறக்கிவிட்டுத் தனியே இறங்குபவர்க்கோ எதுவும் இல்லை. ஆனால் வலு குறைந்த கால் நடுங்குவது அப்போதுதான். ஆகவே குகையில் சற்றே அமர்ந்து இளைப்பாறி, நீர் பருகி, பின் இறங்குதல் முறை. கைப்பிடிப் பக்கத்தை முதியோர்க்கும் குழந்தை ஏந்தியவர்க்கும் விட்டுக்கொடுப்பது சிறந்த தொண்டு. ஓடி இறங்குவதும் இரண்டு இரண்டு படியாகத் தாண்டுவதும் தமக்கும் பிறர்க்கும் தீங்காகும்.

முன்சொன்ன இளைஞரின் இல்லத்துக்கு மீண்டும் வருவோம். தமக்கையார் சொன்னதைக் கேட்ட அத்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியென்றால் பிள்ளை மீது குறையில்லை, நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்" என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் அவர் முன்புறமாகவே படியிறங்கி வேலைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு விரதம் தொடங்கிய முதல் வாரத்திலேயே, மாலை வேளைகளில் அடுக்குமாடியின் படிக்கட்டில் மெதுவாக இறங்கி வரும் இருவரை அண்டை வீட்டார் கண்டனர். ஒருவர் அவ்விளைஞர், மற்றவர், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணி வந்த அவருடைய தாயார். அவ்வாண்டு பால்குடம் எடுப்பதாக அவரும் வேண்டிக்கொண்டிருந்தார்.

மலைமேல் ஏற்றிவைப்பது பக்தி. பத்திரமாக இறங்கி வீடு சேரக் காலுக்கும் பழக்கம் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் காத்து, திருநாளைக் கண்டு மகிழ்ந்து, நோவின்றி இல்லம் திரும்ப எல்லாம் வல்ல முருகப் பெருமான் அனைவர்க்கும் அருள்புரிவானாக. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!